அலசாமல் துடைத்த அடிப்பாகம்

மார்ச் 3 – கிரீஸ் நீக்கும் திரவம், இரண்டு கேன் – 640
மார்ச் 3 – வேஸ்ட் துணி, பத்துக் கிலோ – 350
மார்ச் 6 – வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்தது – 400
மார்ச் 8 – மூடி போட்ட டிரம், ஒன்று – 275

இவை என் மாப்பிள்ளையின் ஷெட் செலவுகள். தெருவில் அவருக்கு மல்லாக்கு என்று பெயர். "மல்லாந்து படுத்தே சம்பாதிக்கிற ஆள் இவர் ஒருத்தர்தான்" என்பார் பக்கத்து டயர் கடைக்காரர். கார்களின் அடிப்பாகத்தில் அப்பிய கிரீஸை எடுப்பதுதான் மாப்பிள்ளையின் தொழில். திரவத்தை அடிப்பார், பிரஷ் போடுவார், பிறகு குழாயைத் திறந்து அலசிவிடுவார்.

அந்தத் தண்ணீர் எண்ணெயோடு தெருச் சாக்கடையில் கலந்தது. பிப்ரவரி 26 அன்று நகராட்சி நோட்டீஸ் வந்தது. இனி எண்ணெய்த் தண்ணீர் வெளியே போனால் உரிமம் புதுப்பிக்கப்படாது. எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டி கட்டப் பணமில்லை. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது.

அலசாமலே செய்து பார்க்கிறேன் என்றார். சூடு ஆறிய வண்டியில் திரவத்தை அடித்து, ஊறவிட்டு, தேய்த்து, துணியால் துடைத்தார். பளபளத்தது. மூன்றாம் நாள் வண்டிக்காரர் திரும்பி வந்தார். அடியெல்லாம் புழுதி ஒட்டியிருந்தது.

என் மகள் குனிந்து பார்த்தாள். "நீங்க துடைக்கலைங்க. இங்க இருந்த எண்ணெயை அங்க தடவி விட்டிருக்கீங்க."

"ஒரு துணி தீர்ற வரைக்கும் துடைச்சேனே."

"குழந்தை மூக்கைத் துடைச்ச பக்கத்தாலயே கன்னத்தையும் துடைப்பீங்களா?"

"துடைச்சிருக்கேன்."

"தெரியும். அதான் கேக்குறேன்."

அன்றிலிருந்து துணியை மடித்துக் கொடுப்பது அவள் வேலையாயிற்று. ஒரு மடிப்பு ஒரே ஒரு இழுப்புக்கு. அழுக்கான பக்கம் மறுபடி இரும்பில் படக்கூடாது. கடைசியில் பிழிந்த ஈரத்துணி, அதன்பின் உலர்ந்த துணி. அழுக்குத் துணியெல்லாம் டிரம்முக்குள் போகும். கழிவு எண்ணெய் வாங்குபவர் வந்து எடுத்துக்கொள்வார்.

ஏப்ரல் 10 அன்று நகராட்சி அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. "செஞ்சு காட்டுங்க" என்றார். டயர் கடைக்காரரின் காரை ஸ்டாண்டில் ஏற்றி, அட்டை விரித்து, மாப்பிள்ளை அடியில் நுழைந்தார். விளக்குப் பிடித்தது நான். வேலை முடிந்து அதிகாரி குனிந்த நேரம் பார்த்து, அட்டையில் ஒரு சொட்டு விழுந்தது. மாப்பிள்ளை மேலே சொட்டு வந்த இடத்தைத் துடைத்தார். அதே இடத்தில் மறுபடி துளிர்த்தது.

"மேடம், இது நான் அடிச்ச திரவம் இல்ல. கியர் பாக்ஸ் சீல் கசியுது. இத்தனை வருஷமா தண்ணியைப் பீய்ச்சி இதையும் சேர்த்துக் கழுவி விட்டிருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரியுது."

"ஓசியில காட்டப் போய் எனக்குச் செலவு வச்சுட்டீரே" என்றார் டயர் கடைக்காரர்.

அதிகாரி சிரிக்கவில்லை. சாக்கடை மூடியைத் தூக்கச் சொன்னார். உள்ளே காய்ந்த இலைகள்தான் கிடந்தன. டிரம்மையும் திறந்து பார்த்தார். "கடிதம் வரும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

"மாமா, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோ?"

"மூடியிருந்தா எண்ணெய் நின்னிருக்குமா மாப்பிள்ளை?"

அந்த வாரமே டயர் கடைக்காரர் இரண்டு வண்டிகளை அனுப்பினார், எங்கே கசிகிறது என்று துடைத்துப் பார்க்கச் சொல்லி. மகள் இன்னொரு மூட்டைத் துணி வாங்கினாள்.

உரிமத்தை மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பித்த கடிதம் ஏப்ரல் 24 அன்று வந்தது.