அலுமினியத் தாள் சுற்றிய குழாய்

ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு கண்ணாடிக் குழாய்களுடன் எங்கள் ஆய்வக உதவியாளர் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். ஒன்று வெறும் குழாய். மற்றொன்றின் மேல் அலுமினியத் தாள் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. தாளை மெல்ல உரித்துவிட்டு, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மஞ்சள் கரைசலாக உள்ளே போனது, இரண்டிலும் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. "டாக்டர், ரெண்டும் ஒரே மாதிரி இருக்குலா," என்றார். என் இரண்டாண்டு வேலை கையைவிட்டுப் போகிறது என்று எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் அப்போது ஒரு புதுவகைப் பாலிமரைச் செய்துகொண்டிருந்தோம். ஜவ்வரிசி அளவு மணிகள். தண்ணீரில் போட்டால் ஊறிப் பருக்கும். சூடு ஏறினால் தாமாகவே சுருங்கும். சுற்றுப்புறத்தைப் பார்த்து நடந்துகொள்வதால் இவற்றைப் புத்திசாலிப் பாலிமர் என்பார்கள். எங்கள் மணிகளுக்குள் ஒளியை வாங்கிக்கொள்ளும் பகுதி ஒன்றையும் பின்னியிருந்தோம். விளக்கைப் போட்டால் வேதிவினை வேகமாக நடக்க வேண்டும், அணைத்தால் நிற்க வேண்டும். மஞ்சள் கரைசல் நிறமிழந்தால் வினை நடந்தது என்று அர்த்தம். விளக்கடியில் அது அழகாக நிறமிழந்தது. இருட்டு அலமாரியில் வைத்த குழாய் மஞ்சளாகவே இருந்தது. ஒளிதான் காரணம் என்று எழுதினேன். ஓர் ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டும் விட்டது.

அக்கா என்னைவிட எட்டு வயது இளையவர். மாணவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் அக்காவாகிவிட்டார். தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து வருவார். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகள், மஞ்சள் விளக்கு மட்டுமே எரியும் ஓர் அறையில் வேலை பார்த்தவர். அங்கே சில்லுகளின் மேல் பூசுவதும் ஒரு பாலிமர்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். அந்தப் பிரிவை மூடியபோது எங்கள் ஆய்வகத்துக்கு ஒப்பந்த உதவியாளராக வந்தார். கையில் பட்டம் கிடையாது. ஆனால் ஒரு குழாயை அவர் பார்க்கும் பார்வையில், அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்ற நம்முடைய ஆசை சிறிதும் கலந்திருக்காது. அந்தப் பார்வை எனக்கு வாய்த்ததில்லை.

"தாளைச் சரியா சுத்தியிருக்க மாட்டீங்க," என்றேன் அன்று, கொஞ்சம் குரலை உயர்த்தி.

"மூணு தரம் சுத்திப் பார்த்துட்டேன் டாக்டர். நம்ம இருட்டுக் குழாய் ஏர்கண்ட் ரூம் அலமாரியில ஜில்லுனு இருக்கு. லைட்டுக்குக் கீழ இருக்கிறது கையில தொட முடியல, அவ்ளோ பானாஸ். வெளிச்சம் வேலை செய்யுதா, சூடு வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? பெக்டரியில சாமான் கெட்டுப்போனா மொதல்ல அதைத்தான் பிரிச்சுப் பார்ப்போம். அதான் தாளைச் சுத்தி அதே லைட்டுக்குக் கீழ வெச்சேன்."

"இந்தக் கட்டுரை வந்தாதான் திட்டம் நீடிக்கும். உங்க கான்ட்ராக்டும் அதுலதான் இருக்கு, தெரியும்ல?" என்று கேட்டேன். மிரட்டவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு வேறு என்ன நோக்கம் இருந்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

"தெரியும் டாக்டர். அதனாலதான் வெள்ளிக்கிழமையே தெரிஞ்சும் சொல்லல. ரெண்டு நாளா சோறு எறங்கல," என்றார். குழாய்களை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நானே ஒருமுறை செய்து பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதினேன். அடுத்த வாரம் திட்டம் நீட்டிக்கப்படாது என்று கடிதம் வந்தது. அக்காவின் ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது நான்கு மாதம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நான்கு மாதத்தை வேலை தேடுவதில் கழித்திருப்பார்கள். அக்கா விளக்கடியிலேயே நின்றார். சூட்டில் மணிகள் சுருங்கி வெளுத்துப்போவதை முதலில் கவனித்தவர் அவர்தான். "இது வாயை மூடிக்குது டாக்டர். அப்புறம் வெளிச்சத்தை வெச்சுக்கிட்டு என்ன செய்யும்?" என்றார். சூடு தானாக ஒரு வினையை நடத்திக்கொண்டு, நாங்கள் தேடிய வினையை உள்ளேயே அடைத்துவிட்டிருந்தது. மீன்தொட்டிக்கு வாங்கும் சின்னப் பம்பு ஒன்றையும் ஐஸ்பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து, குழாய்களைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும்படி அமைத்தார். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல், தாள் சுற்றிய குழாய் மஞ்சளாகவே இருக்க, பக்கத்துக் குழாய் மெதுவாக, மிக மெதுவாக வெளிறியது. முன்பு கண்ட வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இந்த முறை அது ஒளியின் வேலை. வேலை முடிந்ததும் லேசாகச் சூடேற்றினால் மணிகள் சுருங்கி அடியில் தங்கின. வடித்தெடுத்துத் திரும்பவும் பயன்படுத்த முடிந்தது. அக்கா கைதட்டவில்லை. தாளைப் பிரித்து, இன்னொரு முறை சுற்றினார். "நாளைக்கும் இப்படியே வருதான்னு பார்ப்போம்," என்றார்.

மறுநாளும் அப்படியே வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பிறகு ஒப்பந்தம் முடிந்தது. அவர் பாயான் லெப்பாஸுக்கே, வேறொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

புதிய கட்டுரை வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு, ஷிப்ட் முடியும் நேரத்தில் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். தன் பெயர் இருந்த பக்கத்தைத் தாண்டிப் போய், வரைபடத்தில் விரலை வைத்தார். அடியில் அசையாமல் படுத்துக் கிடந்தது ஒரு கோடு.

"இதுதானே தாள் சுத்துனது?"

"அதேதான்."

"அப்ப சரி," என்றார். அதன் பிறகுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பித் தன் பெயரைப் படித்தார்.

அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்குப் பதவி உறுதியானது. புதிய திட்டமும் கிடைத்தது. நிரந்தர உதவியாளர் இடத்துக்கு அவரை எடுக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டேன். பட்டம் வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். மேலும் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். இந்த ஆண்டும் எழுதியிருக்கிறேன்.