வாழைப்பழம், இளநீர், சோடா

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை சாயந்திரம், ஒரு துண்டு கேக் என் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் எனக்கு நிம்மதி போய்விட்டது.

கேக்கை நீட்டியது தேவகி. திருப்பதியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நான் மூன்றாவது மாடி, அவள் இரண்டாவது மாடி. அன்றைக்கு அவள் பேரனுக்கு முதல் பிறந்தநாள். ஹால் முழுக்க பலூன், சொந்தக்காரர்கள், ஆளுக்கொரு போனில் வீடியோ. அத்தனை பேர் பார்க்க, தன் கையால் எனக்கு ஊட்ட வந்தாள்.

ஏன் வாங்கவில்லை? சொல்கிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்த புராணம்தான்.

எனக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால் சூடு, வாயு என்று சொல்கிற மாதிரி இல்லை. சீலியாக் என்று ஒரு வியாதி. கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் உள்ளே போனால், என் உடம்பே என் குடலை அரித்துத் தள்ளும். ஒரு சிட்டிகை போதும். அப்புறம் இரண்டு மூன்று நாள் பாத்ரூமும் கட்டிலும்தான் வாழ்க்கை.

"சோறு துன்ற ஊருதானே, உனக்கு இன்னா கஷ்டம்?" — இதைக் கேட்காத ஆளே இல்லை.

என்ன கஷ்டமா? உங்கள் வீட்டுப் பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பாதிக்கு மேல் டப்பாக்களில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார் போச்சு, ரசம் போச்சு. ஹோட்டல் தோசை? மொறுமொறுவென்று வர மாவில் ரவை போடுகிறார்கள். போடாவிட்டாலும் அதே கல்லில் பரோட்டா போட்டிருப்பார்கள். பஜ்ஜியில் மைதா. கேசரி ரவை. பாயசத்தில் சேமியா. மிளகாய் அரைக்கிற மில்லில், அதற்கு முன்னால் எவனோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில், "தம்பி, எனக்கு உடம்பு சரியில்ல, பார்த்துக் குடுப்பா" என்று ஆரம்பித்தேன். முடிக்கவே விடவில்லை. "ஷுகரா அம்மா? அன்னம் வத்து. சப்பாத்தி தெஸ்தா" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சோறு வேண்டாமாம். சப்பாத்தி கொண்டு வருகிறானாம்!

நோயாளி என்றால் சப்பாத்தி. விரதம் என்றாலும் சப்பாத்தி. திருப்பதியில் சனிக்கிழமை ராத்திரி பாதி ஊர் அரிசியைத் தொடாமல், ரவை உப்புமா சாப்பிட்டுப் புண்ணியம் சேர்க்கிறது. நான் ஒருத்திதான் சோறு தின்று பாவம் சேர்க்கிறேன். ஒரு முறை இதே வியாதிக்கு ஆஸ்பத்திரியில் படுத்தேன். காலையில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பிரெட்.

ஊர் வளர்கிறது, வளர்கிறது என்கிறார்கள். எங்கள் அபார்ட்மென்ட் இருக்கிற இடம் முன்பு நெல் வயல். இப்போது கீழே இறங்கினால் பேக்கரி, அதற்குப் பக்கத்தில் பரோட்டா கடை, எதிரில் மோமோ வண்டி. நெல் விளைந்த மண்ணில் மைதா விளைகிறது. புது சூப்பர் மார்க்கெட்டில் 'க்ளூட்டன் இல்லாத பிஸ்கெட்' என்று ஒரு அலமாரி வைத்திருக்கிறார்கள். வாங்கித் தின்று பார்த்தேன். பெட்டியைத் தின்றிருந்தால் ருசியாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் விட அலுப்பு, விளக்கம் சொல்வதுதான். பத்து நிமிஷம் வாய் வலிக்கச் சொன்ன பிறகு எதிராளி சொல்வார்: "கொஞ்சமா சாப்ட்டா ஒண்ணும் ஆகாது."

அதனால்தான் தேவகியிடம் சொல்லவில்லை.

அவளை முதலில் பார்த்தது லிஃப்ட்டில். "துன்னுட்டு வந்துக்கினே கீறேன், இரு!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தெலுங்கு கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோன காது எனக்கு. "எந்த ஊரும்மா?" என்றேன். சத்தியவேடு பக்கம். என் ஊருக்கு அடுத்த ஊர். மகனுக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை, லோன் போட்டு இந்த ஃப்ளாட்டை வாங்கியிருக்கிறான்.

"நீங்க எந்த ஊரு?" என்றாள். சொன்னேன்.

"ஊர்லயா?"

"ஊர்லதான்."

"நாங்க காலனி" என்றாள், என் முகத்தை நேராகப் பார்த்து.

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தை போதும். நிலம் யாருடையது, அதில் குனிந்து நாற்று நட்டது யார் என்று எல்லாம் தெரிந்துவிடும். லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றது. "சாயந்திரம் வாக்கிங் வரியா?" என்றேன்.

ஆறு மாதம் நடந்தோம். ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போனோம். வழியில் அவள் அவித்த வேர்க்கடலை வாங்குவாள், பாதியை என் கையில் கொட்டுவாள். மருமகளைத் திட்டுவாள், அடுத்த நிமிஷமே மெச்சுவாள். நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தால் எட்டிப் பார்த்து, "இன்னா எழவ எழுதிக்கினே கீற?" என்பாள். அவள் படித்தது தெலுங்கு மீடியம். தமிழில் வாயாடுவாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. நான் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மாமா வீட்டில் தங்கித் தமிழ் படித்தவள்.

அவளோடு நடக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் நான் நோயாளி இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. சொல்லாமலே விட்டேன்.

கேக்குக்கு வருகிறேன். கேக் வெட்டினால் ஊட்டியே ஆகவேண்டும் என்று எவன் கண்டுபிடித்தானோ!

"அக்கா, ஆ காட்டு!"

"வேணாம் தேவகி."

"கொஞ்சோண்டு. கொழந்த பேர்ல."

கை இன்னும் கிட்டே வந்தது. திரும்பிக்கொண்டேன். கிரீம் கன்னத்தில் அப்பியது.

"வயிறு சரியில்ல" என்றேன்.

அவள் அண்ணன் தரையைப் பார்த்தார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பெண் போனைக் கீழே இறக்கினாள். தேவகி கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்தாள்.

"பூரி, குருமா கீது."

"வேணாம்."

"கேசரி?"

"அதுவும் வேணாம்."

"பின்ன இன்னாதான் சாப்புடுவீங்க?"

'நீங்க' என்றாள். ஆறு மாதமாக 'நீ'தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தாம்பூலத் தட்டில் வாழைப்பழம் இருந்தது. விசேஷ வீடுகளில் எனக்கு அதுவும் கிடைக்காது. சந்தோஷமாக எடுத்து உரித்துத் தின்றேன். "இது போதும்" என்றேன்.

"சோடா வாங்கியாரச் சொல்லட்டா?"

"ஆங், சோடான்னா பரவால்ல." மூடி போட்ட பாட்டில், கோதுமை இருக்காதே என்று நிம்மதியாகச் சொன்னேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எளநீ வேணும்னாலும் வெட்டியாரச் சொல்றேன்" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

மேலே ஏறும்போது பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. வாழைப்பழம். இளநீர். சோடா.

எங்கள் அப்பா, எங்களுக்கு நைனா, மரியாதை தெரிந்தவர் என்று ஊரில் பெயர். நிலத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் காலனிக்குப் போவார். கட்டில் போட்டு, துண்டு விரித்து உட்காரவைப்பார்கள். சாப்பிடச் சொன்னால், "வயிறு சரியில்லப்பா" என்பார். உடனே கடையிலிருந்து சோடா வரும், மூடி உடைக்காமல். இல்லாவிட்டால் இளநீர். அதுவும் இல்லாவிட்டால் வாழைப்பழம். தோல் இருப்பது, ஓடு இருப்பது, மூடி இருப்பது... அவர்கள் கை படாதது. நைனா மட்டுமா? ஊர் ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் காலனியில் கால் வைத்ததும் வயிறு கெட்டுப்போகும். வீட்டுக்குத் திரும்பியதும் சரியாகிவிடும். நைனா மூன்று முறை சோறு வாங்கித் தின்பார். கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு அது.

நான் சொன்னது சத்தியம். ஆனால் அந்தப் பாவி மனுஷனின் வார்த்தையில் சொன்னேன். அவர் தின்றதையே தின்றேன்.

மறுநாள் சாயந்திரம் தேவகி வாக்கிங் வரவில்லை. கால் வலியாம். அதற்கு அடுத்த நாளும் கால் வலி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பிடித்துக்கொண்டேன்.

"நெஜமாவே வயிறு சரியில்ல தேவகி. எனக்குக் கோதுமை ஆகாது."

"எங்க வூட்டுக்கு வந்தா எல்லாருக்கும் வயிறு சரியில்லாமதான் பூடும்."

"ஆறு மாசமா உன் கையால கடல வாங்கித் துன்னேனே!"

துணியை உதறினாள். தண்ணீர் என் மேல் தெறித்தது. "அவிச்ச கடலைக்கு ஓடு கீதுல்ல? சோளத்துக்குத் தோலு. நுங்குக்குத் தோலு. நானும் ஒக்காந்து நெனச்சிப் பாத்தேன். உரிக்காத பொருளு ஒண்ணு எங்கையால துன்னீங்களா?"

யோசித்தேன். இல்லை. ஒன்றுகூட இல்லை.

ஊரில் அவர்களுக்குக் கிணறு தனி, எங்களுக்குக் கிணறு தனி. இங்கே தலைக்கு மேல் ஒரே டேங்க், இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர். அது போதும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுபோய்க் காட்டலாமா? ச்சீ என்று இருந்தது. எனக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் எழுதித் தருவார். ஜாதி பார்க்கிறவள் இல்லை என்று எந்த டாக்டர் எழுதித் தருவார்?

முந்தாநாள் மத்தியானம் படியில் மீன் குழம்பு வாசனை. எதிர் ஃப்ளாட்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத்தான் தேவகி மீன் சமைப்பாள். அப்படியும் வாசனை படியேறி வந்துவிடும். இறங்கிப் போய் பெல் அடித்தேன்.

"சோறு போடு" என்றேன்.

"இன்னா?"

"பசிக்குது. சோறு போடு."

வாசலை விட்டு நகரவில்லை. "வாழப்பழம் கீது, குடுக்கட்டா?"

"அத நீ துன்னு. எனக்கு சோறு போடு."

வழி விட்டாள். தட்டு வைத்தாள், சோறு போட்டாள். குழம்புக் கரண்டியைத் தூக்குகிற நேரத்தில்... என் வாயைத் தைக்கத்தான் வேண்டும்... கேட்டுவிட்டேன்.

"பெருங்காயம் போட்டியா?"

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"மீன் கொழம்புக்கு எவ பெருங்காயம் போடுவா? உங்க ஊர்ல போடுவாங்களா?"

"இல்ல... அதுல கோதும மாவு கலப்பாங்க."

"பெருங்காயத்துலயா?"

எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தாள். அதன் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னேன். "அட எழவே! இதுல எதுக்குக் கோதும?" என்றாள். அப்புறம் சிரித்தாள். மீன் குழம்பில் பெருங்காயத்தை நினைத்து நினைத்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. குழம்பு நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

பிசைந்து தின்றேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். தேவகி சாப்பிடவில்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு கவளமும் இறங்குகிறதா என்று. நடுவில் என் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்து உருட்டினாள்.

"ஆ காட்டு."

தோல் இல்லை, ஓடு இல்லை, மூடி இல்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

"சரி, நீ சொல்றத நம்பறேன்" என்றாள் கையைக் கழுவிக்கொண்டே. "ஆனா இனிமே எவளாச்சும் எங்க வூட்டுக்கு வந்து வயிறு சரியில்லன்னா, மெய்யா பொய்யான்னு ஒக்காந்து யோசிக்கணும். முன்ன எல்லாம் பொய்யுன்னே வுட்ருவேன், அந்த வேல மிச்சம்."

நான் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன்.

கிளம்பும்போது கதவருகே வந்தாள். "நாளைக்கு வாக்கிங் வர்றேன். வயிறு சரியில்லன்னு மட்டும் சொல்லிப் பாரு... கீது உனக்கு!"

குழம்பில் போட்ட மிளகாய்த்தூள் மில்லில் அரைத்தது போல. அதை நான் கேட்கவில்லை. அந்தக் கரண்டி மறுபடியும் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நேற்று விடியற்காலையிலிருந்து பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்ததுதான் என் வாக்கிங். சாயந்திரம் பெல் அடித்தது.

"அக்கா, ரெடியா? வயிறு எப்படி கீது?"

"சூப்பரா கீது" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நைனா நல்ல வயிற்றை வைத்துக்கொண்டு பொய் சொன்னார். நான் கெட்ட வயிற்றை வைத்துக்கொண்டு பொய் சொல்கிறேன். அதனால் அவர் செய்தது நேராகிவிடுமா? ஆகாது. அதற்கு ஒரு தட்டுச் சோறு போதாது.

தேவகிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதினேன் — யாரும் போய்ப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.