போர்ட்டிகோவில் ஒரு சிவப்புக் கறை

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு உளவுத்துறை இயங்கியது. அதிகாரி, ஏட்டு, காவலர் எல்லாம் நான் ஒருவனே!

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு போர்ட்டிகோ. காலையில் காரை வெளியே எடுத்தால், தரையில் சிவப்பாக ஒரு கறை. கழுவினால் மறுநாளும் வரும். யார் வேலை? யோசிக்க வேண்டுமா என்ன! என் மனைவி விசாலத்தின் தம்பி தட்சிணாமூர்த்தியை வெற்றிலை இல்லாத வாயோடு யாரும் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் வருவார், கார் மேல் சாய்ந்து நின்று அரசியல் பேசுவார், போய்விடுவார். தெரியாமல் இருக்க காருக்கு அடியில் துப்புகிறார்... என்ன சாமர்த்தியம்!

நாசூக்காகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"துப்புறதுக்குத்தான் தெரு இருக்கே, தட்சிணா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னை அவ்வளவு கேவலமாவா நெனச்சீங்க, அத்தான்? திருக்கடையூருக்கு நான் வரலை. ஆளை விடுங்க!"

திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம். பிறந்த வீட்டுப் புடவையும் வேட்டியும் மச்சினன் கையால்தான் வர வேண்டும். விசாலத்துக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். "தம்பி வராம நான் மணையில உக்கார மாட்டேன். நீங்க தனியாக் கட்டிக்குங்க" என்றாள். தாலியை யாருக்குக் கட்டுவது?

தட்சிணாமூர்த்தி கோபத்தோடு வலங்கைமானுக்கு, தன் மாமனார் வீட்டு அறுவடையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆள் இல்லை என்றால் கறையும் இருக்காது, விசாலத்திடம் நிரூபித்துவிடலாம். சாயங்காலமே காருக்கு அடியில் பேப்பரை விரித்து வைத்தேன்.

காலையில் பேப்பரில் சிவப்பு வட்டம்!

விசாலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வலங்கைமான்லேருந்து இங்க துப்பினானா?"

பேப்பரை முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசனை இல்லை, ஆயில் பிசுபிசுப்பு. உடனே மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

அது ஆட்டோமேட்டிக் கியர் கார். துபாயில் வேலை பார்த்த கரீம் பாய், ஊரோடு வந்துவிட்டதாக நினைத்து வாங்கியது. மறுபடி விசா வந்துவிட, ஷெட்டிலேயே நின்று கிழடாகி என்னிடம் வந்தது.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். கியர் ஆயில் சூடானால் ஒரு குழாய் வழியாக முன்னால் ரேடியேட்டருக்குப் போய், ஆறிவிட்டு, இன்னொரு குழாயில் திரும்புமாம். அந்த ஆயில்தான் சிவப்பு. குழாயை இணைக்கும் ரப்பர் ஹோஸ் விறைத்து வெடித்திருந்தது.

"ஹோஸைப் பிடிச்சிருக்கற கிளாம்பை இறுக்கினாப் போதாதா?" என்றேன். எனக்கு அவர் மேலும் சந்தேகம்!

"இறுக்கினா ரப்பர் இன்னும் கிழியும் சார். தண்ணி ஹோஸ் போட்டாலும் ஆயில்ல ஊறிப்போயிடும். ஆயிலுக்குன்னு இருக்கற ஹோஸ்தான் போடணும். இப்படியே ஓட்டியிருந்தா திருக்கடையூர் போற வழியிலயே கியர்பாக்ஸ் தீஞ்சிருக்கும்."

பழைய கார் வைத்திருப்பவர்களே... வாரம் ஒரு முறை அடியில் பேப்பர் விரியுங்கள். குழாய் எங்காவது உரசுகிறதா, ஹோஸ் விறைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகும் வரை காத்திருக்க வேண்டாம், முன்பே மாற்றிவிடுங்கள். மச்சினனைச் சந்தேகப்படுவதெல்லாம் அதற்கு அப்புறம்!

கார் ஒர்க்‌ஷாப்பில். நானும் விசாலமும் பஸ்ஸில் வலங்கைமான் போனோம். முறைப்படி அழைக்க வேண்டுமே... தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "தப்பு என்மேலதான், நீ வரணும்" என்று நீட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

தட்சிணாமூர்த்தி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்கிட்டயே வெத்தலையை நீட்டறீங்களே அத்தான், தைரியம்தான்!" என்று சிரித்துவிட்டார். விசாலம் அழுதேவிட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. புது ஹோஸ் மாட்டியதிலிருந்து பேப்பர் காய்ந்தே கிடக்கிறது. தட்சிணாமூர்த்தியும் வழக்கம்போல் சாயங்காலம் வருகிறார், அரசியல் பேசுகிறார்.

நேற்று போர்ட்டிகோ சுவரில், தொட்டிச் செடிக்குப் பின்னால், புதிதாக ஒரு சிவப்புக் கறை. அந்தப் பக்கம் எந்தக் குழாயும் போகவில்லை.

நானே ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக் கழுவிவிட்டேன். அறுபது முடிந்தால் கொஞ்சமாவது புத்தி வர வேண்டாமா!