கம்பி வேலிக்கு வெளியே ஒரு பானைக் கஞ்சி

தாப்பாவில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில், தடுப்புக் கம்பத்தருகே பஸ்ஸை நிறுத்தி எங்கள் எல்லாரையும் இறக்கிச் சாப்பிடச் சொன்னார்கள். விருந்து என்று நினைத்துவிடாதீர்கள். என் பையைக் கிளறிய மலாய்க்காரப் போலீஸ்காரர், இருபது காசு கொடுத்து நான் வாங்கியிருந்த நாசி லெமாக் பொட்டலத்தை வெளியே எடுத்தார். சோறு மேலே போகக் கூடாது, இங்கேயே தின்று முடி, இல்லாவிட்டால் கொட்டு என்றார். சோற்றைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? காலை ஏழரை மணிக்கு நானும், கோலா தெர்லாவுக்குத் திரும்பும் ஒரு சீனக் காய்கறி வியாபாரியும், இன்னும் ஏழெட்டுப் பேரும் சாலையோரம் நின்றபடி ஆளுக்கொரு பொட்டலத்தை அள்ளி விழுங்கினோம். எனக்கு விக்கல் எடுத்தது. போலீஸ்காரரே தண்ணீர் கொடுத்தார், நல்ல மனிதர்.

வெள்ளைக்காரச் சர்க்கார் அவசரகாலம் அறிவித்து ஆறேழு ஆண்டு ஆகியிருந்த சமயம் அது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது சர்க்கார் கட்டளை. தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டும்போது கையில் சோறு இருந்தால் கைது. நான் போனதே அந்த விவகாரமாகத்தான்.

ரிங்லெட்டுக்கு இருபத்தொன்பது மைல், பஸ் கட்டணம் ஒரு வெள்ளி எண்பது காசு. முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் ஒரு கவச வண்டி, நடுவில் எங்கள் பஸ்ஸும் ஐந்தாறு லோரிகளும். டிரைவருக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் உட்காரப் போனேன்.

"அங்க வேணாம் தம்பி, பின்னால போங்க" என்றார் டிரைவர்.

"சுடுவாங்களாண்ணே?"

"போன மாசம் சுட்டாங்க. கண்ணாடி போயிருச்சு. மாத்தித் தரச் சொல்லி முதலாளிகிட்ட நாயா அலைஞ்சேன்லா."

என்னைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்தது என் தப்பு. பின்னால் போய் உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது, வயிற்றிலிருந்த நாசி லெமாக்கும் கூடவே ஏறியது. மூங்கில் காடும் அருவியும் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு மூங்கில் புதருக்குப் பின்னாலும் ஒரு துப்பாக்கி இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு அழகை ரசிக்க ஏது நேரம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சப்பான்காரன் போனதும் சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஆறே மாதத்தில் வெள்ளைக்காரன் கப்பலேறுவான் என்று தோட்டம் தோட்டமாகக் கத்தியவன். அவன் ஏறவில்லை. என்னைத்தான் லோரியில் ஏற்றித் தடுப்பு முகாமில் இறக்கினார்கள். எங்கள் சங்கத்தைத் தடை செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தபோது பேச ஆளில்லை, கத்தத் தொண்டையும் இல்லை. இப்போது ஈப்போவில் ஒரு புதுச் சங்கத்தில் இருக்கிறேன். மனுக் கொடுப்பது, துரைமாரோடு மேசையில் உட்கார்ந்து பேசுவது, கிடைத்ததை வாங்கி வருவது, இதுதான் வேலை. மிதவாதி என்பது ஒரு காலத்தில் எங்கள் வாயில் கெட்ட வார்த்தை. இப்போது என் முதுகுக்குப் பின்னால் என்னைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பத்தரைக்கு ரிங்லெட். அங்கிருந்து தானா ராத்தா சாலையில் நாலு மைல் போய் இடது பக்கம் மண்பாதையில் இறங்கினால் தோட்டம். மலை முழுக்கத் தேயிலை. என்னை அழைத்துப்போக வந்திருந்தவன் தங்கவேலு, தோட்டக் கமிட்டிச் செயலாளர், இருபத்தைந்து வயது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு காதோரம், "வாங்க தோழர்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்த வார்த்தையை விழுங்கிடு. அண்ணன்னு கூப்பிடு" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். கொழுந்து எடுக்கும் பெண்கள் காலை ஆறு மணிக்குக் கேட்டைத் தாண்டினால் திரும்ப இரண்டாகும். அதுவரை பச்சைத் தண்ணீர். முன்பெல்லாம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்ப் பத்து மணிக்குப் பசியாறுவார்கள். போன வாரம் சரிவிலேயே இரண்டு பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். பதினான்கு கோரிக்கை எழுதி வைத்திருந்தான். முதலாவது, அவசரகாலச் சட்டத்தை நீக்கு. பதினான்காவது, பத்து மணிக்குக் கஞ்சி கொடு. வியாழக்கிழமைக்குள் எல்லாம் நிறைவேறாவிட்டால் வேலை நிறுத்தம்.

"நிறுத்தினா எத்தனை பேரை உள்ள போடுவாங்க தெரியுமா?" என்றேன்.

"போடட்டும்."

என் பழைய குரலையே கேட்டதுபோல் இருந்தது. கோபம்தான் வந்தது, பாசமும் வந்தது. "பதினாலாவதை முதல்ல போடு. மத்ததை நான் பையில வச்சிக்கிறேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசில் துரையைப் பார்த்தேன். அவர் தோட்டத் தமிழ் பேசுகிறவர், மரியாதை எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. போலீஸில் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார் போலிருக்கிறது, நிபந்தனைகளோடு சம்மதித்தார். தொழிற்சாலைக் கொட்டகையில், வேலிக்குள்ளேயே கஞ்சி காய்ச்ச வேண்டும். காவலோடு லோரியில் மலைக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால் திரும்பி வர வேண்டும். "ஒரு பானை, ஒரு லோரி, ஒரு ஆள் சம்பளம். நான் ஓட்டல் நடத்தலே. தகராறு வந்தா அன்னிக்கே முடிஞ்சுது" என்றார். வெளியே வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருடம் புரட்சி பேசி ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்ததில்லை, இன்று அரை மணி நேரத்தில் கஞ்சி!

யார் காய்ச்சுவது என்று கேட்டதற்குத் தங்கவேலு யோசிக்கவே இல்லை. "சூசையம்மா அக்கா" என்றான்.

சூசையம்மா மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். புருஷன் செத்து இரண்டு மாதம். முழங்கால் வீங்கிவிட்டதால் மலை ஏற முடியாமல், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால்மாவு கலக்கிக் கொடுத்து அரைச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். முழுச் சம்பளக்காரர் இல்லாத வீட்டுக்கு லயத்தில் அறை கிடையாது. மாத முடிவில் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள், போக்கிடம் இல்லை. கஞ்சி காய்ச்சும் வேலை கிடைத்தால் அறை தங்கும். நான் சரி என்று அவளிடமே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம். கஞ்சி என்றதும் கைதட்டல். சூசையம்மா என்றதும் பாதிக் கைகள் நின்றுபோயின. இந்தத் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு. கீழ் லயத்தில் இருப்பவர்கள் ஊரில் சேரியிலிருந்து வந்தவர்கள், சூசையம்மாவும் அங்கேதான். கடல் தாண்டி வந்தும், ஒரே மலையில் ஒரே கொழுந்து எடுத்தும், ஒரே கம்பிக்குள் அடைபட்டும் இந்தக் கணக்கு மட்டும் தீரவில்லை.

முதலில் எழுந்தது மேல் லயத்து மாரியாயி, தங்கவேலுவின் அம்மா. நல்ல உழைப்பாளி, பெண்கள் எல்லாரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். "எங்களுக்கு அந்தக் கஞ்சி வேணாங்க. பட்டினியாவே இருந்துக்கிறோம்."

சூசையம்மா ஓரமாக நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். "உங்க பேரப்புள்ளைக்கு தெனமும் பால் கலக்கிக் குடுக்கிறது யாருக்கா? இந்தக் கையிதானே?"

"பால் வேற, சோறு வேற" என்றாள் மாரியாயி.

தங்கவேலு அம்மாவைப் பார்த்துக் கத்தினான், கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. காவலுக்கு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர்கள் எழுந்துகொண்டார்கள். நாளைக்குப் பேசுவோம் என்று கும்பிட்டுக் கலைத்துவிட்டேன்.

"அக்கா காய்ச்சின கஞ்சி, இல்லாட்டி கஞ்சியே வேணாம். ஒரு அடி விட்டுக்குடுக்கக் கூடாதுண்ணே" என்றான் தங்கவேலு. நியாயம் முழுக்க அவன் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னபடி செய்தால் சூசையம்மாவுக்கு அறை போகும், எல்லாப் பெண்களுக்கும் கஞ்சி போகும், நியாயம் மட்டும் மிச்சமாக இருக்கும். லயத்துக்கு ஒன்றாக இரண்டு பானை கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

புதன் காலை யோசனை கேட்க ஆளில்லாமல் ரிங்லெட்டில் மீரான் பாய் கடைக்குப் போனேன். நாகப்பட்டினத்துக்காரர், இருபது வருடமாகச் சாப்பாட்டுக் கடையும் மளிகையும் வைத்திருக்கிறார். டீ பத்துக் காசு. மேல் லயம், கீழ் லயம், சீனன், மலாய்க்காரன் எல்லாரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். கதையைக் கேட்டுவிட்டுப் பாய் சிரித்தார்.

"நோம்பு மாசத்துல எங்க கஞ்சிக்கு மேல் லயத்துலேருந்துதான் தம்பி மொதல்ல சட்டி வரும். என் மச்சினனைக் காலைல அனுப்புறேன். காய்ச்சுறது பாய் வீட்டு ஆளுன்னு சொல்லிடுங்க. அவன் சாமானை எறக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருப்பான். அந்தம்மா வெறகு வைக்கிற ஆளா இருக்கட்டும்."

"வெறகு மட்டுமா?"

"கொட்டகைக்குள்ள யாரு துடுப்புப் போடுறாங்கன்னு யாரு வந்து பாக்கப் போறா? சம்பளம் அந்தம்மாவுக்கே போவட்டும். அரிசி தோட்டத்துது, பருப்பு, வெங்காயம் மட்டும் என் கடைல எடுக்கச் சொல்லுங்க, அது போதும்."

ஆள் வியாபாரி! ஆனாலும் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துரை, ஒரு சம்பளம் யாருக்குப் போனால் எனக்கென்ன என்று சொல்லிவிட்டார். பாய் ஆள் என்றதும் மாரியாயியும், "பாய் கடைல நாங்க திங்காததா" என்று ஒத்துக்கொண்டாள்.

சூசையம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒளிஞ்சிக்கிட்டுக் காய்ச்சணுமா? நான் என்ன திருடியா? எனக்கு வேணாம் உங்க வேல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "எத்தன மணிக்கு வரணும்?" என்றாள்.

வியாழன் காலை பத்து மணி. மலைச்சரிவில் தராசுக் கொட்டகை அருகே லோரி நின்றது. பானையைப் பிடித்து இறக்கத் தங்கவேலு வந்திருந்தான். கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் மங்குக் கிண்ணங்களோடு வந்தார்கள். மேல் லயம், கீழ் லயம் எல்லாம் ஒரே வரிசை, பசியில் வேறு வரிசை போட யாருக்கும் தோன்றவில்லை. பாயின் மச்சினன் ஊற்றினான். ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம் தவிர மலையில் வேறு சத்தமில்லை.

தங்கவேலுவின் கண் பளபளத்தது. "குடிச்சு முடிக்கட்டும்ணே. யார் காய்ச்சினதுன்னு இப்பச் சொல்றேன். இவங்க சாதி கரைஞ்சா போச்சுன்னு கேக்கிறேன்."

அவன் கையை இறுக்கிப் பிடித்தேன். "சொன்னா நாளைக்கு இந்த லோரி வராது. அந்தம்மாவுக்கு ரூம் போயிடும்."

"அப்ப உண்மை?"

"உண்மை எங்கயும் ஓடிடாது. இன்னிக்கு வாயை மூடு."

என்னை முறைத்தான். எத்தனையோ கூட்டங்களில் நானும் இப்படித்தான் மூத்தவர்களை முறைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கையை விடவில்லை.

மாரியாயி இரண்டாம் தடவை மங்கை நீட்டினாள். ஊற்றியதும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மகன் பக்கம் திரும்பினாள். "உப்பு பத்தல. நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லி சூசைகிட்டச் சொல்லுடா."

சுற்றியிருந்தவர்கள் ஒருத்தரும் தலை நிமிரவில்லை. பாயின் மச்சினன் மலையைப் பார்த்தான். மாரியாயி மங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறிப் போனாள்.

ஒரு மணிக்குக் கீழே இறங்கும் வண்டிகளோடு நான் போக வேண்டும். சாதி ஒழிந்தது என்று ஈப்போவில் போய்ச் சொல்ல மாட்டேன். மேல் லயம் மேலேதான் இருக்கிறது. ஈப்போவில் நான் குடியிருக்கிற தெருவிலும் கதை இதுதான். நாங்கள் அதைப் பற்றித் தீர்மானங்கள் போட்டிருக்கிறோம், கஞ்சி காய்ச்சியதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

புறப்படுமுன் கொட்டகைக்குப் போனேன். சூசையம்மா காலை நீட்டி உட்கார்ந்து பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி நல்லா இருந்துச்சாம். உப்புதான் கொஞ்சம் கம்மியாம். நாளைக்குக் கூடப் போடச் சொன்னாங்க" என்றேன்.

"யாரு?"

"மாரியாயி."

தேய்த்த கை நின்றது. "பாய் ஆளுகிட்டயா சொன்னாங்க?"

"இல்ல. சூசைகிட்டச் சொல்லுன்னாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எம் பேரைச் சொல்லியா?"

"எல்லாரும் இருக்கிறப்பவே."

வெளியே லோரிக்காரர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தார். சூசையம்மா எழுந்து, வீங்கிய காலை இழுத்து நடந்துபோய், அலமாரியிலிருந்த உப்பு ஜாடியைக் கீழே எடுத்து அடுப்பின் பக்கத்திலேயே வைத்தாள்.