ஹவுஸ் கேர்ள் அல்ல, பராசாவின் அம்மா

நெகேசா திருடிவிட்டு ஓடினாள் என்று குழாயடியில் பேசுகிறவர்கள் என் முன்னால் வந்து பேசட்டும். அன்று கென்யாவின் நகுரு டவுனில், அவள் வேலை பார்த்த வீட்டில், விருந்துக்குச் சப்பாத்தி தேய்க்கப் போயிருந்தவள் நான்.

கேர்ள் என்ற இங்கிலீஷ் சொல் எதோடும் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்குப் போனால் ஸ்கூல் கேர்ள், கடையில் நின்றால் சேல்ஸ் கேர்ள். அவர்களெல்லாம் வளர்ந்துவிடுவார்கள். வீட்டு வேலை செய்கிற ஹவுஸ் கேர்ள் மட்டும் பேரன் எடுத்தாலும் கேர்ள்தான். எங்கள் வழக்கத்தில் பெற்றவளை மூத்த பிள்ளையின் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவோம்?

விருந்தாளி ஒருத்தி, "யார் சமையல்?" என்று கேட்டாள்.

"எங்க ஹவுஸ் கேர்ள்" என்றாள் அந்த வீட்டு மருமகளான மேடம். அவளுக்கு நெகேசாவின் மூத்த மகன் பராசாவின் வயதுதான்.

நெகேசா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். "பராசா அம்மான்னு சொல்லுங்க மேடம்."

"அடேயப்பா, பட்டம் வேறயா? போய் சர்க்கரை கொண்டா, கேர்ள்."

"கேர்ள் வேணும்னா சின்னவளாப் பார்த்துக்கோங்க. எனக்கு அம்பத்திரண்டு."

தன் துணிப்பையை எல்லார் முன்னாலும் உதறிக் காட்டினாள். இரண்டு பாவாடையும் ஒரு சீப்பும்தான் விழுந்தன. பொறுக்கிக்கொண்டு, பத்தொன்பது வருஷமாகத் தான் துடைத்து மட்டுமே வந்த முன்வாசல் வழியாக வெளியே நடந்தாள்.