டென்ஷன் ஜாஸ்தி

பேசிக்கொண்டே இருக்கும்போது ஹெலன் திடீரென்று நிறுத்துவார். நாக்கு நுனி கீழ்வரிசைப் பல்லுக்குப் பின்னால் போய் எதையோ தடவிப் பார்க்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். விவேக் நகரில் பஸ் ஏறிப் பொம்மனஹள்ளியில் இறங்குவதற்குள் இருபது தடவையாவது இது நடக்கும். பக்கத்து வீட்டுக்காரி நான், அதே பஸ்தான். எண்ணியே பார்த்திருக்கிறேன்.

ஹெலனுக்குக் கார்மென்ட்ஸில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையில் ஒரு தையல் பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. நூலைப் பல்லால் கடிக்கும் பெண்களை, "கத்திரி எதுக்குக் கீது? பல்லு என்னா கம்பெனி குட்த்ததா?" என்று விரட்டுவார். விரட்டிவிட்டுத் திரும்பி, தன் கையிலிருக்கும் சட்டையின் நூலைப் பல்லால் கடிப்பார். அப்படிக் கடித்த ஒருநாள்தான் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கம்பி கழன்றுகொண்டது.

முப்பத்தாறு வயது வரை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தவர் ஹெலன். அவ்வளவு கோணல் பல். "இந்த வயசுல யாரு பாக்கப் போறாங்க?" என்று சொந்தக்காரர்கள் கேலி பண்ணப் பண்ண, இரண்டு வருஷம் கிளிப் போட்டு நேராக்கினார். நேரானது மறுபடி கோணாமல் பிடித்துவைப்பது அந்தக் கம்பிதான். பல் பிசகினால் பழையபடி வாயில் கைதான்.

பல் டாக்டர் அதிதி கம்பியைச் சரிசெய்து ஒட்டிக் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. ஒரு பல் மட்டும் மற்றதைவிட உயரமாகிவிட்டதாம். முறுக்கைக் கடித்தால் வேறு யாருடைய பல்லோ கடிக்கிறதாம். சாயங்காலமானால் பல்லுக்குள்ளே அரிக்கிறதாம்.

"யாரோ புட்ச்சித் திருப்புறா மாரியே கீதுக்கா. எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு."

நானும் சிரித்தேன். அது தப்பு.

டாக்டரிடம் போய், "டென்ஷன் ஜாஸ்தியா கீது மேடம்" என்றார். கார்மென்ட்ஸில் டென்ஷன் என்றால் மிஷினில் நூலின் இறுக்கம். அதிகமானால் துணியே சுருங்கி இழுத்துக்கொள்ளும். டாக்டரோ கனிவாக, "வீட்ல ஏதாவது ப்ராப்ளமா?" என்று கேட்டு, தினமும் பத்து நிமிஷம் மூச்சுப்பயிற்சி எழுதிக் கொடுத்தார். சொன்ன பேச்சைத் தட்டாத ஜென்மம் ஹெலன். காலையில் மொட்டைமாடியில் நின்று வாயைத் திறந்து காற்றை இழுப்பார். பெங்களூர்க் குளிர்காற்று பட்டுப் பல் இன்னும் கூசும். பத்து நாள் கழித்துப் போய், "டென்ஷன் கொறையவே இல்ல மேடம்" என்றார். பயிற்சி இருபது நிமிஷமானது.

மூன்றாம் தடவை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "கம்பிய லூஸ் பண்ணச் சொன்னா மூச்சு இழுன்றாங்க. நீயாச்சும் கேளுக்கா" என்றார் பஸ்ஸில். அப்போதுதான் எனக்கே விளங்கியது. வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தேன். அந்தப் பல் நிஜமாகவே ஒரு நூலளவு திரும்பியிருந்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நாற்காலியில் ஹெலன் சாய்ந்ததும், "இப்ப டென்ஷன் எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டரே அன்பாகக் கேட்டார்.

ஹெலன் கைப்பையைத் துழாவி, கம்பெனியில் பிசகான தையலுக்கு நேரே ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்தார். அம்பு அந்தப் பல்லைப் பார்க்கும்படி முகவாயில் ஒட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்தார்.