ஒட்டுக்கு மேல் ஏறிய மண்

கன்று விற்கிறவர்களை நான் நம்புவதில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். ஒட்டுக்கன்றில் எதைத் தூக்கிப் பார்ப்பது? மேலே இருப்பது தோடை, அதாவது ஆரஞ்சு, என்று இலை சொல்லும். கீழே இருப்பது எதன் வேர் என்பது விற்கிறவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

குச்சவெளியில் இருக்கிற என் சீதனக் காணியான வளவில் முதலில் வைத்த இரண்டு தோடைகளும் காய்க்க முன்னமே அடித்தண்டில் பிசின் வடிந்து பட்டுப்போயின. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். என்னவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நான் கேட்டதற்காக டவுனை விட்டு இங்கே வந்தவர்.

"இனி வைக்கிறதும் பட்டுதெண்டால் வளவைக் குடுத்திட்டு மகனோட டவுனில போய் இருப்பம்" என்றார்.

நானும் கோபத்தில் "ஓம்" என்றுவிட்டேன். சொன்ன பிறகு நித்திரை எங்கே வரும்? இந்த வளவை விட்டுப் போக எனக்கு ஏலாது.

நிலாவெளிப் பக்கம் கன்று விற்கிற ஒருவரைத் தேடிப் போனோம். "இது நாரத்தையில ஒட்டினது அம்மா. உவருக்கு நிண்டுபிடிக்கும்" என்றார் அவர்.

சூடு கண்ட பூனை நான். "அப்ப ஒட்டுக்குக் கீழ வாற தளிரை ஏன் கிள்ளிப்போட்டு வைச்சிருக்கிறீங்கள்? என்னத்தை மறைக்கிறீங்கள்?"

"மறைக்க என்ன கிடக்கு? அதை வளர விட்டால் மேல் ஒட்டு செத்துப்போடும்."

நல்ல பதில்தான். நல்ல பதில் வைத்திருக்கிறவர்களிடம்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிள்ள மறந்த கன்றுகளாகத் தேடி, கீழ்த்தளிரின் இலையைக் கசக்கி மணந்தேன். மலிவாக ஒட்டுகிற தேசிக்காயின் எலுமிச்சை மணம் இல்லை. நாரத்தைதான். ஆட்டோவில் சாய்ந்து நின்ற என்னவர், "என்னைக் கட்டேக்க உப்பிடி மணந்து பாக்கேல்லையே" என்றார். விற்கிறவரும் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

புறப்படும்போது அவர் எங்கள் இருவருக்கும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒட்டின இடம் நிலத்திலிருந்து ஒரு சாணாவது மேலே நிற்க வேண்டும். அதற்கு மேல் மண் ஏறினால் தோடைப் பட்டை அழுகும். கீழே நாரத்தை வேர் இருந்தும் பிரயோசனமில்லை. இரண்டு கன்றுகள் வாங்கிவந்து, அப்படியே பார்த்துப் பார்த்து நட்டேன்.

மாரி முடிய இலைகள் மஞ்சளித்தன. எனக்கு வந்த விசருக்கு விற்கிறவரைப் போனில் கூப்பிட்டு வாயில் வந்தபடி ஏசினேன். அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கன்றடியில் குந்தி ஒட்டைத் தேடினார், காணவில்லை. கையால் மண்ணைத் தோண்டினார். ஒட்டு உள்ளே புதைந்து கிடந்தது, பக்கத்தில் பிசின். அடுத்த கன்றும் அப்படித்தான்.

"ஆர் அம்மா மண் அணைச்சது?"

"மழைக்கு வந்திருக்கும்" என்றார் என்னவர், கிணற்றடியில் நின்றபடி.

மழை மண்ணை அரிக்கும். இப்படிக் கன்றைச் சுற்றிக் குவித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்காது. விற்கிறவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். தண்டுகளைத் துப்புரவாக்கிவிட்டு, தேத்தண்ணி குடிக்கவும் நிற்காமல் போய்விட்டார்.

ஊரில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவள், வீட்டுக்குள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் ஒரு பக்கம். பிறத்தியாருக்கு முன்னால் தலை குனிந்த வெட்கம் அதைவிடப் பெரிது.

"நீங்களே செய்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைத்தார்.

"இங்க இருக்க விருப்பமில்லையெண்டு வாயால சொல்லியிருக்கலாமே."

"எத்தினை தரம் சொன்னனான்" என்றார். "ஒவ்வொரு தரமும் நீர் தோடையைப் பற்றித்தான் கதைச்சனீர்."